படுக்கைக் கூறு

மேல்சோலை எஸ்டேட் எட்டாம் நம்பர் லைனில், பவுனம்மா வீட்டுக் கூரைக்கு மேலே, ஆட்டெலும்பும் உருளைக்கிழங்கும் போட்டு அவள் வைத்த சூப்பின் ஆவி இருபத்தொரு நாள் கலையாமல் நின்றது. கோத்தகிரிப் பக்கத்துக்காரர்களுக்குப் பனியும் மேகமும் புதிதல்ல. அவை விடியும்போது வரும், பத்து மணிக்கு எழுந்து போகும், சாயங்காலம் மறுபடி வந்து வாசலில் நிற்கும். இது போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. தகரக் கூரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு, இரண்டு வீட்டு அகலத்துக்கு, வெள்ளையும் லேசான மஞ்சளுமாக, மிளகும் சீரகமும் எலும்பு மஜ்ஜையும் மணக்க மணக்க அப்படியே நின்றது. பார்த்தவர்கள் யாரும் இது எப்படி நிற்கிறது என்று கேட்கவில்லை. இதை என்ன பக்குவத்தில் வைத்தாய் என்றுதான் கேட்டார்கள். பவுனம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

எட்டாம் நம்பர் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே வரிசையாகச் சுவரொட்டி நிற்கும் பதினாறு வீடுகளும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆடு அடிப்பார்கள்; தங்கையா மேஸ்திரி தார்ப்பாயை விரித்துக் கறியைக் கூறு கூறாகப் போடுவார்; வேண்டிய வீட்டார் ஆளுக்கொரு கூறு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் லைனில் யாராவது நோயில் படுத்திருந்தால், பிள்ளை பெற்றிருந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தால், முதல் கூறு அவர்களுக்கு. காலெலும்பு, நெஞ்செலும்பு, கொஞ்சம் ஈரல், சதைப்பற்றான தொடைத் துண்டு நாலைந்து. அதற்குப் படுக்கைக் கூறு என்று பெயர்; ஒரு படுக்கைக்கு ஒரு தடவைதான். அதைப் படுத்திருப்பவர் வீட்டில் சமைக்கக் கூடாது. சுவரடுத்த வீட்டுக்காரிதான் தன் அடுப்பில் சூப்பாக வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நோயாளி வீட்டுப் புகை நோயாளிக்கு ஆகாது, அதனால்தான் என்று ஒருவர் சொல்வார். அதெல்லாம் இல்லை, சுவரடுத்தவளுக்கு ஈவிரக்கம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று இன்னொருவர் சொல்வார். குழாயடியில் குடத்தைத் தூக்கி மண்டையில் போட்டவர்கள் எல்லாம் உள்ள லைன் அது. ஆனாலும் படுக்கைக் கூறில் மட்டும் யாரும் கை வைத்தது கிடையாது, பவுனம்மா வைக்கிறவரைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் படுக்கைக் கூறு ஞானசவுந்தரிக்கு. அவளும் பவுனம்மாவும் இருபது வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் குடியிருப்பவர்கள். அந்தச் சுவரும் கூரைவரை போகாது; இரண்டடிக்குக் கீழேயே நின்றுவிடும். ஒருத்தி இருமினால் இன்னொருத்தி வெந்நீர் வைப்பாள், ஒருத்தி புருஷனைத் திட்டினால் இன்னொருத்தி இந்தப் பக்கத்திலிருந்தே ரெண்டு வார்த்தை எடுத்துக் கொடுப்பாள். சவுந்தரிக்குக் கர்ப்பப்பையை எடுத்து, பத்து நாள் கழித்து, சனிக்கிழமைதான் எஸ்டேட் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். முகமெல்லாம் வற்றி, கண் மட்டும்தான் பழைய சவுந்தரியாக இருந்தது.

பவுனம்மா நல்ல மனதோடுதான் அடுப்பு மூட்டினாள். இதை அவளுக்காகச் சொல்லியே ஆக வேண்டும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை முறித்துப் போட்டு, எலும்பை மூன்று தண்ணீரில் அலசி, மஞ்சள் தடவிக் குண்டானில் இறக்கி, மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, நுரை பொங்கப் பொங்கக் கரண்டியால் எடுத்து எறிந்து, தீயைக் குறைத்து, எலும்பு தன் சாற்றை விடுகிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பிறகு வீட்டுக்குப் பின்னால் தானே போட்டிருந்த உருளைக்கிழங்கைத் தோண்டி வந்து, பாதியைப் பெரிய துண்டாக வெட்டிப் போட்டு, பாதியை வேகவைத்து மசித்துக் கரைத்து ஊற்றினாள். அப்போதுதான் சூப் கெட்டியாகும், வயிற்றில் நிற்கும். பதினோரு மணிக்கெல்லாம் மணம் சுவர் ஏறி அடுத்த வீட்டில் குதித்துவிட்டது.

"பவுனு, எனக்கு இங்க நாக்கு ஊறுதுடி" என்று அந்தப் பக்கத்திலிருந்து சவுந்தரியின் சன்னக் குரல் கேட்டது.

"இன்னும் ஒரு அரை மணி நேரம் பொறுங்கக்கா. எலும்பு நல்லா எறங்கட்டும்" என்றாள் பவுனம்மா.

அந்த அரை மணி நேரத்துக்குள் பதினொன்றரை பஸ் வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கியவன் பவுனம்மாவின் மகன் திருமூர்த்தி. மூன்று வருஷத்துக்கு முன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான், அதற்கு அப்பா காத்தமுத்து திட்டிய திட்டில் கோபித்துக்கொண்டான், அப்புறம் ஒரு போன் கூடப் போடவில்லை. இனி இவனை எந்தக் காலத்தில் பார்க்கப் போகிறோம் என்று பவுனம்மா அழுது ஓய்ந்திருந்த நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். பெண்ணின் பெயர் கோகிலவாணி. மலைக்குளிரை முதன்முதலாகப் பார்த்தவள், இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நடுங்கினாள். வீட்டில் ரசமும் சோறும்தான் இருந்தன. இரண்டே பேருக்கு எதற்கென்று அந்த வாரம் பவுனம்மா தனக்குக் கூறு எடுத்திருக்கவில்லை. காத்தமுத்து வேறு ஃபாக்டரியில் ஷிஃப்டில் இருந்தார். அடுப்பில் இருந்தது அந்த ஒரு குண்டான்தான்.

ஒரு கிண்ணம்தானே, குளிருக்குக் கொடுப்போம் என்று ஊற்றினாள். மருமகள் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், குடித்துவிட்டு நிமிர்ந்தாள், "அத்தை, இன்னும் கொஞ்சம்" என்றாள். அத்தை என்று பவுனம்மாவை இந்த உலகத்தில் யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு இன்னொரு கரண்டி போனது. மகன் எலும்பைக் கடித்து மஜ்ஜையை உறிஞ்சி, "அம்மா, இந்த ருசிக்காகவே வந்திருக்கலாம்மா இத்தன நாள்ல" என்றான். அதற்கு ஒரு கரண்டி. ஈரல் போனது, தொடைத் துண்டு போனது, கிழங்கு போனது. சவுந்தரிக்கு இது போதும், சவுந்தரிக்கு இது போதும் என்று ஒவ்வொரு கரண்டிக்கும் மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டே வந்தவள், கடைசியில் கோட்டுக்குக் கீழே குண்டானின் அடிதான் இருக்கக் கண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவ்வளவு நேரமும் ஒரு சத்தமும் இல்லை.

அப்போதாவது அவள் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா, பிள்ளை வந்துட்டான், கை நீண்டுடுச்சு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் என்ன செய்தாள் என்றால், அடியில் ஒட்டியிருந்த கிழங்கை வழித்து, ஒரு சொம்பு வெந்நீர் விட்டு, மிளகுத்தூளும் உப்பும் போட்டு, வெங்காயம் தாளித்துக் கொட்டி, அதை மூடி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். சவுந்தரியின் புருஷன் மரியசூசை மனைவியைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"கறி எங்கம்மா?"

"நல்லா வெந்து கரைஞ்சிருச்சுண்ணே. அக்காவால மெல்ல முடியாதுன்னு எலும்பெல்லாம் வடிகட்டிட்டேன்" என்றாள். சொல்லும்போதே முதுகில் எறும்பு ஊர்ந்தது.

சவுந்தரி ஒரு கரண்டி குடித்தாள். பவுனம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாருக்கு பவுனு" என்றாள், முழுவதையும் குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை மகனையும் மருமகளையும் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் பவுனம்மா தன் கூரைக்கு மேலே ஆவியைப் பார்த்தாள். தன் வீட்டின் மேல் பாதி, சவுந்தரி வீட்டின் மேல் பாதியாக அது நின்றது. அடுப்பை அணைத்துப் பார்த்தாள், குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள், ஏணி வைத்து ஏறி விளக்குமாற்றால் விசிறிப் பார்த்தாள். விளக்குமாறுதான் மணத்தது.

லைன் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதல் நாள் நாய்கள் வந்தன, வரிசையாக உட்கார்ந்து மேலே பார்த்துவிட்டு, ஒன்றும் விழாது என்று தெரிந்ததும் தூங்கின. இரண்டாம் நாள் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது வழியை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி பழைய சோற்றுத் தட்டோடு வந்து ஆவிக்கு அடியில் நின்று சாப்பிட்டாள், தொட்டுக்க ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்; வாரம் முடிவதற்குள் மத்தியானம் ஆனால் முப்பது நாற்பது பேர் தட்டோடு நிற்பதும், வாயில் சோறே வாங்காத பிள்ளைகளை இடுப்பில் வைத்து அங்கே கொண்டுவந்து ஊட்டுவதும், கைக்குழந்தைக்காரிகள் முன்னால் நிற்கட்டும் என்று தங்கையா மேஸ்திரி வரிசை போட்டு விடுவதும் சகஜமாகிவிட்டது. எஸ்டேட் துரை அடுப்பை உடனே அணைக்கச் சொல்லிக் காகிதம் அனுப்பினார், அணைந்துதான் இருக்கிறது என்று பதில் போனதும் தானே நேரில் வந்தார், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். சைவக்காரரான தபால்காரர் முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார், இரண்டாம் வாரம் பொத்தாமல் வந்தார், மூன்றாம் வாரம் தபால் இல்லாமலே வந்தார். மாரியம்மன் கோயில் பூசாரி இது அம்மன் செயல் என்றார், மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை இது மாதாவின் செயல் என்றார், கடைசியில் இருவரும் பவுனம்மாவின் கைராசி என்று ஒத்துக்கொண்டார்கள்.

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே பவுனம்மாவுக்கு உடம்பு கூசும். மற்ற லைன்களிலிருந்து பெண்கள் வந்து, எப்படி வைத்தாய் சொல்லு, ஒன்றையும் விடாமல் சொல்லு என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவளும் எலும்பை மூன்று தண்ணீரில் அலசியதிலிருந்து கிழங்கை மசித்து ஊற்றியது வரை சொல்வாள். சொல்லி முடித்ததும் யாராவது ஒருத்தி, "அத அப்படியே கொண்டுபோய் சவுந்தரிக்குக் குடுத்தியாக்கும், புண்ணியவதி!" என்பாள். பவுனம்மா தலையைக் குனிந்துகொள்வாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை இப்படிச் சொல்லிச் சொல்லி, அவளுக்குச் சோறு இறங்காமல் போனது; வேலைக்குப் போகும்போது முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு போனாள். திருமூர்த்தி திருப்பூரிலிருந்து போன் போட்டு, "அம்மா, ஒன் சூப்பப் பத்தி இங்க பஸ் ஸ்டாண்டுல பேசிக்கறாங்கம்மா" என்றபோது, போனைக் காத்தமுத்துவிடம் கொடுத்துவிட்டாள். ஒரே கூரைக்குக் கீழ் ஒரு ராத்திரி இருந்தும் முகம் கொடுக்காத அப்பனும் மகனும் மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பேசினார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கூட அவளால் முழுசாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

சவுந்தரி வீட்டுக்கு அவள் தினமும் போனாள், வெந்நீர் வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள். சவுந்தரி பேசினாள், ஆனால் சுவருக்கு மேலாக ஒன்றும் சொல்வதில்லை. அவள் முகத்தில் சதையும் ஏறவில்லை.

மூன்றாம் வாரத்தில் லைன் கூடி ஒரு முடிவு எடுத்தது. இனி எட்டாம் நம்பர் லைனில் யார் படுத்தாலும், படுக்கைக் கூறு சுவரடுத்த வீட்டுக்குப் போக வேண்டாம். எல்லாம் பவுனம்மா அடுப்புக்கே போகட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிவிடலாம் என்று தங்கையா மேஸ்திரி வீடு தேடி வந்து சொன்னார். காத்தமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். திருடியவள் கையில் சாவியைக் கொடுக்க ஊரே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், மரியசூசை வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் போய் சவுந்தரியின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் ஒங்களுக்குக் கொண்டுவந்தது..."

"கெழங்குத் தண்ணி" என்றாள் சவுந்தரி.

"தெரியுமாக்கா?"

"ஏண்டி, செவுரு இம்புட்டுதான ஒசரம்? ஒம் மருமவ இன்னும் கொஞ்சம்னு கேட்டா, நீ இன்னொரு கரண்டி ஊத்துன. திருமூர்த்தி எலும்ப உறிஞ்சுனான். கரண்டி குண்டான் அடியில ஒரசுனது வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு."

"அப்பறம் ஏங்க்கா நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"அவரு பக்கத்துல நின்னாரு. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா லைனையே கூட்டியிருப்பாரு. மூணு வருசம் கழிச்சு வந்த புள்ள முன்னால ஒன்னைய அப்படி நிக்க வெக்க எனக்கு மனசு வரல." சவுந்தரி கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதுக்காகக் கோவம் இல்லன்னு நெனச்சுக்காத பவுனு. இருவது நாளா வெறும் வாசத்தத் தின்னுக்கிட்டுக் கெடக்கறேன். வர்றவங்க போறவங்கல்லாம், மொத சூப்ப நீதான குடிச்ச, குடுத்து வெச்சவங்கறாங்க. ஆமா ஆமாங்கறேன். ஒன்னால நானும் பொய்க்காரி ஆனேன்."

"என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்கக்கா."

"நேரா நிமுந்து நிக்கவே வக்கில்ல, இதுல அடிக்கணுமாக்கும்."

பவுனம்மா கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். தப்புதான்க்கா, பெரிய தப்பு, என்னை மன்னிச்சிருங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சவுந்தரி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலோடு விடிந்தது. தார்ப்பாய் விரித்து, கறி கூறு கூறாக விழுந்து, பதினாறு வீட்டாரும் சுற்றி நின்றார்கள். தங்கையா மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம பவுனம்மா விசயமா ஒரு சேதி" என்று ஆரம்பித்தார்.

"நான் சொல்றேங்கய்யா" என்று பவுனம்மா முன்னால் வந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டாள். சொல்வதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது எல்லாம் போய், உள்ளதுதான் வந்தது. "சவுந்தரியக்காவோட படுக்கைக் கூற எம் மகனுக்கும் மருமகளுக்கும் ஊத்திட்டேன். அக்காவுக்கு வெறும் கெழங்குத் தண்ணியக் குடுத்துட்டு, கறி கரைஞ்சிருச்சுன்னு பொய் சொன்னேன். இத்தன நாளும் நீங்க என்னையப் புகழ்ந்தத வாய மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

காத்தமுத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மரியசூசையின் வாய் திறந்தபடியே இருந்தது. அப்போது கூரைக்கு மேலே நின்ற ஆவி கீழே இறங்கியது. சத்தமில்லாமல், பொடித் தூறலாக, எண்ணெய்ப் பசையோடு, இளஞ்சூடாக எல்லார் தலையிலும் தோளிலும் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியிலும் விழுந்தது. புறங்கையை நக்கிப் பார்த்தவர்கள் உண்டு. ஐந்து நிமிஷத்தில் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. மணமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் லைனுக்குக் கோபம் வந்தது. திருடியதற்கு வந்த கோபம் கால்வாசி என்றால், ஆவி போனதற்கு வந்தது முக்கால்வாசி. "சொல்லாமலே இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா? எம் புள்ள இனி எதத் தொட்டுக்கிட்டுச் சோறு திங்கும்?" என்று ஒருத்தி கத்தினாள். துணியில் மஞ்சள் கறை பட்டவள் கொடியை உதறிக்கொண்டு திட்டினாள். நேற்றுவரை புண்ணியவதி என்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பவுனம்மா அசையாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். புகழ்ச்சியைவிட இது அவளுக்கு லேசாக இருந்தது.

தங்கையா மேஸ்திரி மட்டும் திட்டாமல் குனிந்து, ஒவ்வொரு கூறிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து, காலெலும்பு இரண்டு சேர்த்து, தனியாக ஒரு கூறு போட்டார். "இது ஞானசவுந்தரிக்கு. விட்டுப்போனது" என்றார். "யாரு எடுத்துட்டுப் போறீங்க?"

சவுந்தரி வீட்டுக்கு மறுபக்கம் எண்ணெய்க் கிடங்கு. சுவரடுத்த வீடு என்றால் ஒன்றே ஒன்றுதான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூறு தார்ப்பாயில் கிடந்தது.

அப்போது சவுந்தரி வீட்டுக் கதவு திறந்தது. வயிற்றில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக, இருபத்திரண்டு நாள் கழித்து முதன்முதலாக வெளியே வந்து, நின்று நின்று நடந்து தார்ப்பாய்வரை வந்தாள். மரியசூசை தாங்கப் போனார். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். "எஞ் செவுரு அவ வூட்டுச் செவுருதான. அவளே ஆக்கட்டும்" என்றாள். "நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்தாள். பவுனம்மா வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எலும்பு மூன்று தண்ணீரில் அலசப்படுவதைப் பார்த்தாள், குண்டானுக்குள் விழுந்த ஒவ்வொரு துண்டையும் பார்த்தாள், கரண்டி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தாள். இருபது வருஷமாக வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வேலைக்குப் போனவள், பவுனு இருக்கா பாத்துக்குவா என்று பிள்ளைகளை விட்டுப் போனவள், இப்போது ஒரு நிமிஷம் கூடக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பார்வைக்கு அடியில் பவுனம்மா வெங்காயம் நசுக்கும்போது விரலையும் நசுக்கிக்கொண்டாள். செய்தது என்ன என்று லைன் முன்னால் சொன்னபோது கூட அவளுக்கு இவ்வளவு வெட்கம் இல்லை.

கிழங்கு மசித்து ஊற்றி, சூப் கெட்டியாகி, குமிழி மெல்ல மெல்ல உடைந்தது. உப்புப் பார்க்க வேண்டும். பவுனம்மா கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விடப் போனாள். கை பாதியில் நின்றுவிட்டது. இது சவுந்தரியின் கூறு. அவள் கரண்டியை அப்படியே சவுந்தரியிடம் நீட்டினாள்.

"நீங்களே உப்புப் பாருங்கக்கா."

சவுந்தரி கரண்டியைப் பார்த்தாள், பவுனம்மாவைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"நீயே பாரு" என்றாள்.

பவுனம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"சரியா இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சவுந்தரி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.